கதவைச் சாத்தும் சட்டங்கள்
வாசகர் கேள்வி – பதில்: சட்டப் பகுதி

அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிமன்றங்கள் எந்த வழக்கை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் வரம்பு போட முடியுமா? இதைச் சுற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். 'காங்கிரஸ்' என்று வரும் இடமெல்லாம் அமெரிக்க நாடாளுமன்றம் என்றே கொள்க.

கேள்வி: நீதித்துறை சுதந்திரமானது என்கிறார்கள். 'இந்த விஷயத்தில் நீதிமன்றம் தலையிடக் கூடாது' என்று காங்கிரஸ் சட்டம் போட்டால் அது எப்படிச் செல்லும்? – சட்டக் கல்லூரி மாணவி

பதில்: பெரும்பாலும் செல்லும். அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆவது ஷரத்தைப் படித்தால் காரணம் தெரியும். 1787-இல் பிலடெல்பியாவில் அதை எழுத உட்கார்ந்தவர்களில் ஒரு சாரார் நாடு முழுக்கக் கூட்டாட்சிக்கெனக் கீழமை நீதிமன்றங்கள் வேண்டும் என்றார்கள். இன்னொரு சாரார் மாநில நீதிமன்றங்களே போதும் என்றார்கள். கடைசியில் சமரசமாக, உச்ச நீதிமன்றம் ஒன்று கட்டாயம், கீழமை நீதிமன்றங்களைக் காங்கிரஸ் வேண்டும்போது அமைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அமைக்காமலே விடும் உரிமை உள்ளவருக்கு, அமைத்தபின் பாதி அதிகாரம் மட்டும் தரும் உரிமையும் உண்டு என்று 1850-இல் ஷெல்டன் எதிர் சில் வழக்கில் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

அதிகாரத்தைப் பறிப்பது என்றதும் ஏதோ விபரீதம்போலத் தோன்றுகிறது. உண்மையில் அந்த நீதிமன்றங்கள் அரைகுறை அதிகாரத்தோடுதான் பிறந்தன. கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் எழும் வழக்குகளைப் பொதுவாக விசாரிக்கும் அதிகாரமே 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தில் இல்லை. 1801-இல் கொடுத்து 1802-இல் பிடுங்கிக்கொண்டார்கள். நிலையாகக் கிடைத்தது 1875-இல்தான். இருவேறு மாநிலத்தார் மாநிலச் சட்டத்தின் கீழ் வழக்காடும்போது, தொகை 75,000 டாலரைத் தாண்டினால்தான் இன்றைக்கும் கூட்டாட்சி நீதிமன்றம் எடுக்கும். இந்த வரம்பை அரசமைப்புச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. காங்கிரஸ் போட்டது.

கேள்வி: கீழமை நீதிமன்றங்கள் சரி. உச்ச நீதிமன்றத்தின் கையில் இருக்கும் வழக்கையே காங்கிரஸ் பிடுங்கியதாகப் படித்தேன். உண்மையா? – ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

பதில்: உண்மை. 1869-ஆம் ஆண்டின் மெக்கார்டில் வழக்கு. உள்நாட்டுப் போர் முடிந்து, தோற்ற தென் மாநிலங்கள் ராணுவ ஆட்சியில் இருந்த காலம். மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரப் பத்திரிகை ஆசிரியர் மெக்கார்டிலை, அவர் எழுதிய தலையங்கங்களுக்காக 1867 நவம்பரில் ராணுவம் பிடித்து வைத்தது. அவர் ஆட்கொணர்வு மனு போட்டார். கீழே தள்ளுபடியானதும் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு. அந்த மேல்முறையீட்டு உரிமையைக் கொடுத்ததே காங்கிரஸ் அதே 1867-இல் போட்ட ஒரு சட்டம்தான். விடுதலையான கறுப்பின மக்களைக் காக்க வந்த சட்டத்தை அவர்களுடைய எதிரி ஒருவர் பிடித்துக்கொண்டார்.

1868 மார்ச்சில் வாதம் முடிந்தது. தீர்ப்பு வந்தால் ராணுவ ஆட்சிச் சட்டங்களே கவிழ்ந்துவிடும் என்று காங்கிரஸ் பயந்தது. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மேல்முறையீட்டுப் பகுதியை மட்டும் ரத்து செய்தது. அதிபர் ஜான்சன் ஒப்பமிட மறுத்தும், மார்ச் 27 அன்று இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு நிறைவேற்றியது. அதே நாட்களில் ஜான்சனைப் பதவி நீக்கும் விசாரணையும் செனட்டில் நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தலைமை வகித்தவரும் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி சேஸ்தான்.

மறு ஆண்டு ஏப்ரலில் சேஸ் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு அதிகாரத்துக்குக் காங்கிரஸ் விதிவிலக்குகள் வகுக்கலாம் என்று 3-ஆவது ஷரத்து சொல்கிறது. அதிகாரம் இல்லையென்றால் நீதிமன்றம் செய்யக்கூடியது ஒன்றுதான், 'இல்லை' என்று அறிவித்துவிட்டு வழக்கைத் தள்ளுவது. காங்கிரஸின் நோக்கத்தை ஆராய மாட்டோம் என்றும் சொன்னார்.

மெக்கார்டிலை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படிக்க வேண்டும். ரத்தானது 1867-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மட்டுமே, அதற்கு முன்பிருந்த அதிகாரம் அப்படியே இருக்கிறது என்கிறார் சேஸ். சில மாதங்களிலேயே யெர்கர் என்ற இன்னொரு மிசிசிப்பி வழக்கு வந்தது. 1789-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய வழியாக அந்த ஆட்கொணர்வு மனுவை எடுக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே, எல்லா வழியையும் ஒருசேர அடைத்தால் என்னாகும் என்பதற்கு மெக்கார்டிலில் பதில் இல்லை. இன்றுவரை அது தீராத கேள்வி. உச்ச நீதிமன்றத்தின் அடிப்படைப் பணியையே அழிக்கும் அளவுக்கு விதிவிலக்கு வகுக்க முடியாது என்பார்கள் ஒரு சாரார். எழுத்தில் அப்படி ஒரு தடையே இல்லை என்பார்கள் மறு சாரார். எங்கள் பார்வையில் எழுத்து இரண்டாவது தரப்பின் பக்கமும், நீதிமன்றம் நடந்துகொண்ட விதம் முதல் தரப்பின் பக்கமும் சாய்கிறது.

கேள்வி: அப்படியானால் எல்லைக்கோடே கிடையாதா? – அதே துறை மாணவர் ஒருவர்

பதில்: உண்டு. மூன்று இடங்களில் நீதிமன்றம் காலை ஊன்றி நின்றிருக்கிறது.

ஒன்று, 1872-இன் கிளைன் வழக்கு. போரில் கைப்பற்றி விற்ற பருத்தியின் பணத்தை, கிளர்ச்சிக்கு உதவாத உரிமையாளர்கள் திரும்பக் கேட்கலாம் என்று 1863-இல் ஒரு சட்டம் வந்தது. அதிபரின் மன்னிப்பைப் பெற்றவரும் கிளர்ச்சிக்கு உதவாதவராகவே கருதப்படுவார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. காங்கிரஸுக்குப் பொறுக்கவில்லை. 1870-இல் ஒரு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் இடுக்கில், மன்னிப்பைப் பெற்றிருப்பதே துரோகத்துக்குச் சான்று, அதைக் காட்டி ஜெயித்தவர் வழக்கை அதிகாரமில்லை என்று தள்ளிவிட வேண்டும் என்று நுழைத்தது. உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஒரு வகை வழக்கை மொத்தமாக விலக்கினால் அது விதிவிலக்கு. இன்ன சான்று வந்தால் இன்னார் தோற்க வேண்டும் என்று எழுதினால், அது விதிவிலக்கு வேஷத்தில் வந்த தீர்ப்பு. அதிபரின் மன்னிக்கும் அதிகாரத்தில் கை வைத்ததும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது, முடிந்த வழக்கு. இறுதித் தீர்ப்பாகி மேல்முறையீட்டுக் காலமும் கடந்ததை, 'மறுபடியும் திற' என்று காங்கிரஸ் உத்தரவிட முடியாது. இது 1995-இன் பிளாட் வழக்கு.

மூன்றாவது ஆட்கொணர்வு மனு. அதற்குத் தனிக் கேள்வி வந்திருப்பதால் கீழே பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. கிளைனை நம்பி வழக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். நிலுவையில் இருக்கும் வழக்குக்கான சட்டத்தையே மாற்றினால் அது தீர்ப்புச் சொன்னதாகாது என்பது விதி. 2016-இல் ஈரான் மத்திய வங்கியின் சுமார் 175 கோடி டாலர் சொத்து பற்றிய வழக்கில், வழக்கு எண்ணையே குறிப்பிட்டு எழுதிய சட்டமும் தப்பித்தது. 2018-இல் பாட்சாக் வழக்கு: மிச்சிகனில் ஒரு பழங்குடியினரின் நிலம் பற்றிய வழக்குகளை உடனே தள்ள வேண்டும் என்று சட்டம். அதுவும் நின்றது, ஆனால் பெரும்பான்மை ஒரே காரணத்தில் சேரவில்லை.

கேள்வி: உச்ச நீதிமன்றத்தின் நேரடி விசாரணை அதிகாரத்தையும் குறைக்கலாமா? – வாசகர்

பதில்: முடியாது என்பதே ஏற்கப்பட்ட கருத்து. தூதர்கள் தொடர்பான வழக்கு, ஒரு மாநிலமே கட்சிக்காரராக உள்ள வழக்கு ஆகியவற்றை அரசமைப்புச் சட்டமே நேரடியாகக் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலைக் காங்கிரஸால் நீட்ட முடியாது என்று 1803-இல் மார்பரி வழக்கு சொன்னது. அதே வகை வழக்கைக் கீழமை நீதிமன்றமும் எடுக்கலாம் என்று சேர்க்க மட்டும் முடியும்.

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை செய்கிறேன். கிரீன் கார்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் நீதிமன்றம் போகவே முடியாது என்கிறார் நண்பர். அது எப்படி? – மென்பொருள் பொறியாளர்

பதில்: நண்பர் முக்கால்வாசி சரி. குடியேற்றச் சட்டத்தின் 1252-ஆவது பிரிவுதான் அமெரிக்காவில் இன்று அதிகம் பேரைத் தொடும் அதிகாரப் பறிப்பு. 1996-இல் வந்தது, 2005-இல் இன்னும் இறுக்கினார்கள். நாட்டுக்குள் இருந்தபடியே நிரந்தர வசிப்பு கேட்பது போன்ற, அதிகாரியின் விருப்புரிமையில் விடப்பட்ட சலுகைகள் குறித்த முடிவுகளை நீதிமன்றம் பரிசீலிக்கக் கூடாது என்கிறது அது. ஒரே விலக்கு, வெளியேற்ற உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும்போது அரசமைப்புக் கேள்விகளையும் சட்டக் கேள்விகளையும் எழுப்பலாம்.

2022-இன் படேல் வழக்கில் இதன் கடுமை தெரிந்தது. ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தில் 'குடிமகன்' என்ற கட்டத்தில் டிக் செய்துவிட்டு, தவறுதலாக நடந்தது என்றார் ஒருவர். குடியேற்ற நீதிபதி நம்பவில்லை. அந்த நம்பிக்கையின்மை அப்பட்டமான தவறாக இருந்தாலும்கூட, அது உண்மை பற்றிய முடிவு என்பதால் எந்த நீதிமன்றமும் தொட முடியாது என்று 5–4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின், குடியேற்றத் துறை அலுவலகமே நிராகரித்த விண்ணப்பங்களுக்கு மாவட்ட நீதிமன்ற (கூட்டாட்சியின் முதல்நிலை நீதிமன்றம்) வழியும் இல்லை என்று பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் முடிவெடுத்துவிட்டன. கிரீன் கார்டு வரிசையில் ஒருவரின் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதி பின்னுக்குப் போனதைக் காட்டி விண்ணப்பத்தைக் கிடப்பில் போடுவதை எதிர்த்து வந்த வழக்குகளையும் 5-ஆவது, 8-ஆவது சுற்று நீதிமன்றங்கள் (வட்டாரவாரியான மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு அங்கே அதுதான் பெயர்) 2024-இல் அதிகாரமில்லை என்று தள்ளின.

மீதிக் கால்வாசிதான் உங்களுக்குப் பயன்படும். எந்தப் படிவத்தின் மேல் எந்த முடிவு என்று முதலில் பிரித்துப் பாருங்கள். எச்-1பி மனு நிராகரிப்பை மாவட்ட நீதிமன்றத்தில் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் கீழ் எதிர்க்கலாம். ஒப்புதல் கொடுத்த விசா மனுவைப் பிற்பாடு ரத்து செய்தால் எதிர்க்க முடியாது. 2024 டிசம்பரில் பௌவார்ஃபா வழக்கில் ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்னது அது. ஆனால் அதே மனுவைப் புதிதாகத் தாக்கல் செய்து, அது நிராகரிக்கப்பட்டால் அந்த நிராகரிப்பை எதிர்க்கலாம். சுற்றுவழிதான், ஆனாலும் வழி.

குடியுரிமை விண்ணப்பம் இதற்கு நேர் எதிர். நேர்காணல் முடிந்து 120 நாளில் முடிவு வராவிட்டால் நேரே மாவட்ட நீதிமன்றம் போகலாம். நிராகரித்தால் 30 நாளுக்குள் என்-336 படிவத்தில் மறுவிசாரணை கேட்க வேண்டும். அதிலும் தோற்றால் நீதிமன்றம் உண்மைகளையும் சேர்த்து முதலிலிருந்து விசாரிக்கும். என்-336-ஐத் தாண்டிக் குதித்துப் போனால் மட்டும் வழக்கு நிற்காது. ஒரு பக்கம் பூட்டியதும் மறுபக்கம் அகலத் திறந்ததும் ஒரே காங்கிரஸ்தான். இது பொது விளக்கம். உங்கள் கோப்பைப் பார்த்த வழக்கறிஞரின் சொல்லே கடைசிச் சொல்.

கேள்வி: கெடு ஒரு நாள் தவறினாலும் நீதிமன்றத்துக்கு 'அதிகாரமே போய்விடும்' என்பது சரியா? – வழக்கறிஞர் அலுவலக ஊழியர்

பதில்: கெடு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. 2007-இன் பவுல்ஸ் வழக்கு கொடுமையானது. மேல்முறையீட்டு வாய்ப்பை மறுபடி திறக்கும்போது சட்டப்படி 14 நாள்தான் தரலாம். மாவட்ட நீதிபதி தவறுதலாக 17 நாள் என்று உத்தரவில் எழுதினார். மனுதாரர் அந்த உத்தரவை நம்பி 16-ஆவது நாள் தாக்கல் செய்தார். வழக்கு போயிற்று. கெடுவைக் காங்கிரஸ் சட்டத்தில் எழுதியிருக்கிறது, அதை நீட்ட எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லை என்றார்கள் ஐந்து பேர்.

அதற்குப்பின் நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. காங்கிரஸ் தெளிவாகச் சொன்னாலொழியக் கெடுவை அதிகார வரம்பாகக் கருத மாட்டோம் என்று 2022, 2023, 2024 என்று தொடர்ந்து சொல்லி, 2025-இல் ரைலி வழக்கில் வெளியேற்ற உத்தரவுக்கான 30 நாள் கெடுவையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. இதைப் படித்துவிட்டு நிதானமாக இருந்துவிடாதீர்கள். அதிகார வரம்பு இல்லையென்றால் நீதிபதி தானாக எழுப்ப வேண்டியதில்லை, எதிர்த்தரப்பு விட்டுக்கொடுக்கலாம், அவ்வளவே. எதிர்த்தரப்பு எழுப்பினால் கெடு கெடுதான். சட்டத்தில் உள்ள கெடுவுக்கும் நீதிபதி எழுதிய தேதிக்கும் முரண் வந்தால் இரண்டில் முன்னதாக வரும் நாளைப் பிடியுங்கள்.

கேள்வி: புகலிடம் கேட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. குவாண்டனாமோ கைதிகளுக்கு மட்டும் எப்படிக் கதவு திறந்தது? – டொரண்டோ வாசகி

பதில்: அரசமைப்புச் சட்டத்தின் 1-ஆவது ஷரத்து, கிளர்ச்சி அல்லது படையெடுப்பின்போது பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலொழிய ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தக் கூடாது என்கிறது. கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவின் கைதிகளிடமிருந்து 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பறித்தது. 2008-இல் பூமெடீன் வழக்கில் 5–4 கணக்கில் அந்தப் பிரிவு விழுந்தது. அதற்கு மாற்றாகக் காங்கிரஸ் கொடுத்திருந்த பரிசீலனையில் கைதிகள் புதிய சான்று காட்ட முறையான இடமே இல்லை. உள்ளே இருப்பவரை விடுதலை செய்ய வழிவிடாத மாற்று மாற்றாகாது என்றது நீதிமன்றம்.

2020-இல் வந்த வழக்கில், 2017-இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டி 25 யார்டு தூரத்தில் பிடிபட்டவர் அந்தத் தமிழர். அவர் அச்சம் நம்பத் தகுந்ததல்ல என்று முதல்கட்ட விசாரணையிலேயே அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். முழு விசாரணையின்றி ஆளைத் திருப்பி அனுப்பும் இந்தத் துரித வெளியேற்றத்தில் நீதிமன்றம் பார்க்கக்கூடியவை மிகச் சில: ஆள் வெளிநாட்டவரா, அப்படி ஓர் உத்தரவு உண்டா, நிரந்தர வசிப்போ புகலிடமோ ஏற்கெனவே பெற்றவரா. அச்சம் உண்மையா என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கீழே 9-ஆவது சுற்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் மாற்றியது. ஆட்கொணர்வு என்பது காவலிலிருந்து விடுபடக் கேட்பது. இவர் கேட்பதோ நாட்டில் தங்குவதற்கு இன்னொரு விசாரணை என்று பிரித்தது. ஏழு பேர் முடிவில் ஒத்துப்போனாலும், அவர்களில் இருவர் இந்த வழக்கோடு மட்டும் நிறுத்திக்கொள்வோம் என்றார்கள். நாட்டுக்குள் பல ஆண்டு வாழ்ந்தவர் ஒருவருக்கு இதே விடை வரும் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. சொத்தைக் காரணம் என்று சிலர் விமர்சித்தாலும், மனுவில் என்ன நிவாரணம் கேட்கிறோம் என்ற வரி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட உதாரணம் கிடையாது.

கேள்வி: ஒரு புதிய சட்டத்தில் இப்படிப்பட்ட பிரிவு இருந்தால் அதை எப்படிப் படிப்பது? – பத்திரிகையாளர்

பதில்: மவுண்டன் வேலி எரிவாயுக் குழாயை எடுத்துக்கொள்வோம். மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 303 மைல். 4-ஆவது சுற்று நீதிமன்றம் அதன் அனுமதிகளைத் திரும்பத் திரும்ப ரத்து செய்துவந்தது. 2023 ஜூனில், கடன் உச்சவரம்பு பற்றிய சட்டத்தின் 324-ஆவது பிரிவில் காங்கிரஸ் நான்கு வேலைகளை ஒன்றாகச் செய்தது. அனுமதிகளையெல்லாம் தானே உறுதிப்படுத்தியது. அவற்றைப் பரிசீலிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்றது. நிலுவையில் உள்ள வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்றது. இந்தப் பிரிவே செல்லுமா என்ற கேள்வியை மட்டும் வாஷிங்டன் டி.சி. சுற்று நீதிமன்றத்துக்கு விட்டது. ஜூலையில் 4-ஆவது சுற்று வேலையை நிறுத்தி வைத்தது. 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. ஆகஸ்டில் வழக்குகள் தள்ளுபடி. மறு ஆண்டு குழாயில் எரிவாயு ஓடியது.

நீங்கள் தேட வேண்டியதும் இவற்றைத்தான். தடை எந்த நீதிமன்றத்துக்கு: எல்லாவற்றுக்குமா, கீழமைக்கு மட்டுமா? தடுப்பது வழக்கையா, ஒரு வகை நிவாரணத்தையா? 1932-ஆம் ஆண்டு நாரிஸ்–லகார்டியா சட்டம் வேலைநிறுத்த வழக்குகளைத் தடுக்கவில்லை, தடையாணை போடுவதைத்தான் தடுத்தது. நிலுவை வழக்குகளுக்கும் பொருந்தும் என்று எழுதியிருக்கிறதா? அரசமைப்புக் கேள்விக்கு எங்காவது இடம் விட்டிருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சட்டம் மௌனமாக இருந்தால், விட்டிருக்கிறது என்றே நீதிமன்றம் படிக்கும். உளவு நிறுவன ஊழியர் ஒருவரின் பணிநீக்கம் பற்றிய 1988 வழக்கில், அரசமைப்பு வாதத்தையும் அடைக்க விரும்பினால் காங்கிரஸ் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். செய்தி எழுதும்போது 'நீதிமன்றத்துக்குத் தடை' என்று மட்டும் தலைப்பிட்டால் பாதி செய்தி விடுபட்டுப்போகும்.

கேள்வி: கூட்டாட்சி நீதிமன்றம் மூடினால் மாநில நீதிமன்றம் இருக்கிறதே? – வாசகர்

பதில்: தனியார் மேல் வழக்கு என்றால் பெரும்பாலும் சரி. எதிராளி கூட்டாட்சி அதிகாரி என்றால் பலிக்காது. அவருக்குக் கட்டளையிட மாநில நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 1821-லும், அவர் காவலில் உள்ளவரை ஆட்கொணர்வில் விடுவிக்க முடியாது என்று 1872-லும் தீர்ப்புகள் உண்டு. போதாததற்கு அதிகாரி வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின், மாநில நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரம் தனக்கும் இல்லை என்று அங்கே தள்ளிவிடுவார்கள்.

கேள்வி: இவ்வளவு அதிகாரம் இருந்தும், பிடிக்காத தீர்ப்புகளை எல்லாம் காங்கிரஸ் ஏன் இப்படி முடக்குவதில்லை? – அரசியல் ஆர்வலர்

பதில்: முயன்றிருக்கிறார்கள். பள்ளிப் பிரார்த்தனை வழக்குகளை விலக்கும் திருத்தத்தை 1979-இல் செனட் ஏற்றது, பிரதிநிதிகள் சபை நகரவில்லை. 2004-இல் திருமணம் பற்றியும், கொடி உறுதிமொழி பற்றியும் இரண்டு மசோதாக்களைப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது, செனட் நகரவில்லை. வாக்குக் கணக்கு ஒரு காரணம். பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறித்தால் அதன் பழைய தீர்ப்பு மறைந்துவிடாது. பள்ளிப் பிரார்த்தனைக்கு எதிரான 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பு மாநில நீதிபதிகளைத் தொடர்ந்து கட்டுப்படுத்தும். அதை மாற்றக்கூடிய ஒரே நீதிமன்றத்துக்குத்தான் இனி வழக்கு போகாது. தனக்குப் பிடிக்காத தீர்ப்பைக் காங்கிரஸே உறையவைத்ததாகிவிடும். அதனால்தான் அதை எதிர்ப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இந்த வழியை விட்டுவிட்டு, நீதிபதி நியமனங்களுக்குக் காத்திருக்கிறார்கள்.